கேட்கத் தெரிந்த சிறு தேசம்

வேலை தேடிய தேசங்கள்: அத்தியாயம் 14

சென்ற அத்தியாயத்தைப் பினாங்குத் தீவில் முடித்தோம். தீர்வையற்ற துறைமுகம் என்ற பழைய அந்தஸ்தை இழந்து, வாலிபர்கள் வேலையின்றித் திரிந்துகொண்டிருந்த அந்தத் தீவில், முதன்மந்திரி லிம் சொங் யூ 1972-ஆம் வருஷம் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலத்தை ஏற்படுத்தியதையும், பிறந்து நான்கே வருஷம் ஆகியிருந்த இன்டெல் என்னும் அமெரிக்கக் கம்பெனி தன்னுடைய முதல் அயல்நாட்டுத் தொழிற்சாலையை அந்தத் தீவிலே நிறுவியதையும் கண்டோம். இனிக் கால் நூற்றாண்டைத் தாண்டிச் செல்கிறோம். அன்றைய குழந்தை இப்போது உலகத்துக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு மூளை செய்து கொடுக்கும் மகா ஸ்தாபனமாக வளர்ந்துவிட்டது. 1996-ஆம் வருஷத்தில் அதன் விற்பனை 2,000 கோடி டாலருக்கு மேல். அது மறுபடியும் ஓர் இடம் தேடிப் புறப்பட்டபோது, அந்த விற்பனையில் ஏறத்தாழப் பாதியையே தன் முழுத் தேசிய உற்பத்தியாகக் கொண்டிருந்ததும், சுமார் 35 லட்சம் ஜனங்களே வசித்ததுமான ஒரு மத்திய அமெரிக்கத் தேசம், அழைப்பில்லாத விருந்துக்குப் போய் முதல் பந்தியில் இடம் பிடித்த கதைதான் இந்த அத்தியாயம். அந்தத் தேசத்தின் பெயர் கோஸ்ட்டா ரிக்கா. வளமிக்க கடற்கரை என்பது அதன் பொருள்.

கம்பெனி எத்தகைய தொழிற்சாலைக்கு இடம் தேடியது என்பதை முதலில் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் பேரங்களின் சூட்சுமம் விளங்கும். சில்லுத் தொழிலில் இரண்டு பெரிய கட்டங்கள் உண்டு. சிலிக்கன் வில்லையின்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மின்பாதைகளைப் பதிக்கும் முதற்கட்டத்துக்கு நூறு கோடி டாலரையும் விழுங்கக்கூடிய மாபெரும் ஆலைகள் வேண்டும். அவற்றைக் கம்பெனி பெரும்பாலும் அமெரிக்காவிலும், சில செல்வ நாடுகளிலுமே வைத்திருந்தது. பதித்து முடிந்த வில்லைகளைத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய தாங்கியில் பொருத்தி, இணைப்புக் கொடுத்து, மூடி, பிறகு சூட்டிலும் சுமையிலும் ஓடவிட்டுத் தேறியவை எவை, தேறாதவை எவை என்று பிரிக்கும் இரண்டாம் கட்டத்துக்குச் செலவு குறைவு, ஆட்கள் அதிகம். ஆனால் அந்த ஆட்கள் கையை மட்டும் கொண்டுவந்தால் போதாது. விலையுயர்ந்த யந்திரங்களைப் பழுதறிந்து சீர்செய்யும் மெக்கானிக்குகளும், குறைபாட்டுக் கணக்குகளை வாசித்து அவற்றின் காரணத்தைத் தேடும் இஞ்சினீயர்களும் அங்கே வேண்டும். சரக்கோ எடையில் அற்பம், விலையில் அபாரம். ஆகவே வருவதும் விமானத்தில், போவதும் விமானத்தில். மின்சாரம் ஒரு கணம் தடுமாறினாலும் நட்டம். இப்படிப்பட்ட தொழிற்சாலைகளைக் கம்பெனி ஆசியாவிலேயே அடுத்தடுத்துக் கட்டியிருந்தது. ஒரே தூணில் இத்தனை பெரிய பந்தலைப் போட்டிருக்கிறோமே என்ற எண்ணம் வந்ததனால், சுமார் 30 கோடி டாலர் முதலீட்டில் அடுத்ததை வேறொரு கண்டத்தில் கட்டலாமா என்று அது யோசித்தது. இந்தோனேஷியாவும் தாய்லாந்தும் பட்டியலில் இருந்தன; பிரேஸில், அர்ஜென்டினா, சிலி, மெக்ஸிகோ ஆகியவையும் இருந்தன. ஆரம்பத்தில் கோஸ்ட்டா ரிக்கா அதில் இல்லை.

இல்லாமல் இருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. காப்பியும் வாழைப்பழமும் விற்று வாழ்ந்த நாடு அது. லிமோன் துறைமுகத்துக்கு ரயில் பாதை போட வந்த மைனர் கீத் என்ற அமெரிக்கர், பாதையோரத்தில் வாழை பயிரிட்டுப் பெருஞ்செல்வராகி, 1899-இல் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரான வரலாறு பலருக்குத் தெரிந்திருக்கும். அயல்நாட்டுக் கம்பெனி ஒன்று வந்து இறங்கினால் தேசமே அதன் தோட்டமாகிவிடும் என்ற பயத்தை மத்திய அமெரிக்க ஜனங்களின் மனத்தில் ஆழ ஊன்றிய பெயர் அது. நூறு வருஷம் கழித்து இன்னொரு கம்பெனியை வருந்தி அழைக்கப் போகும் தேசத்துக்கு இந்த ஞாபகம் இல்லாமல் இருந்திருக்க முடியாது.

ஆனால் அக்கம்பக்கத்துத் தேசங்களினின்று கோஸ்ட்டா ரிக்காவைப் பிரித்துக் காட்டும் இரண்டு விசேஷங்கள் உண்டு. முதலாவது பள்ளிக்கூடம். ஆரம்பக் கல்வி இலவசம், கட்டாயம் என்று 1869-லேயே அரசியல் சாசனத்தில் எழுதி வைத்த நாடு அது. இரண்டாவது, சேனை இல்லாமை. 1948-ஆம் வருஷம் சில வாரங்களே நடந்த உள்நாட்டுப் போரில் வெற்றி பெற்ற ஹோஸே ஃபிகேரெஸ் ஃபெரர், அதே வருஷம் டிசம்பர் முதல் தேதி, தலைநகர் சான் ஹோஸேயிலிருந்த பெல்லவிஸ்தா கோட்டையின் சுவரைச் சம்மட்டியால் அடித்து, இனி இந்த நாட்டுக்குச் சேனை கிடையாது என்று அறிவித்தார். போரில் ஜெயித்தவர் தம் கையிலிருந்த படையைத் தாமே கலைத்தது உலகத்தில் அபூர்வம். 1949-ஆம் வருஷத்து அரசியல் சாசனம் அதை நிலைநிறுத்தியது. கோட்டை பிற்பாடு தேசிய அருங்காட்சியகமாயிற்று. அந்த 1949-ஆம் வருஷமே மின்சார உற்பத்திக்கென்று ஓர் அரசாங்க ஸ்தாபனமும் தோன்றியது. ஸ்பானிய முதலெழுத்துகளைச் சேர்த்து ஜனங்கள் அதை 'ஈசே' என்றார்கள். மலையருவிகளை மறித்து நாடெங்கும் விளக்கேற்றிய அந்த ஈசேயை அவர்கள் வீட்டுப் பிள்ளையைப் போல நேசித்தார்கள். அதனிடம் கையேந்தி நின்ற மந்திரிகள் மட்டும் வேறுவிதமாக நினைத்திருக்கலாம்.

1981-இல் கடன் தவணை கட்ட முடியாமல் அந்தத் தேசம் கையை விரித்தது. காப்பி விலை சரிந்தது, நாணயம் சரிந்தது, அண்டையிலிருந்த நிகராகுவாவில் யுத்தம் மூண்டது. அடுத்த வருஷம், அமெரிக்க உதவி நிதியைக் கொண்டு, அயல்நாட்டு முதலைத் தேடிக் கொண்டுவருவதற்கென்று ஒரு தனி ஸ்தாபனம் உருவாயிற்று. அதற்குச் 'சிந்தே' என்று பெயர். அரசாங்க இலாகாவாக இல்லாமல், லாபநோக்கமற்ற தனியார் ஸ்தாபனமாக அது அமைந்தது. மந்திரிசபை மாறினாலும் ஆட்கள் மாறாமலிருந்ததற்கு இதுவே காரணம். முதல் பத்து வருஷங்கள் அது தேடிக் கொண்டுவந்தவை பெரும்பாலும் தையல் ஆலைகளே. அறுத்த துணி அமெரிக்காவிலிருந்து வரும். தைத்த சட்டை அமெரிக்காவுக்குப் போகும். வேலை கிடைத்தது, கூலியும் கிடைத்தது. ஆயினும் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் உள்ள நாட்டில் கூலி மெல்ல உயராமல் இராது. கூலி உயர்ந்தால் தையல் யந்திரம் அடுத்த நாட்டுக்குப் பயணமாகாமலும் இராது. மெக்ஸிகோ அமெரிக்காவோடும் கானடாவோடும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கை 1994-இல் அமலுக்கு வந்ததும், இனி மலிவினால் பிழைக்க முடியாதென்பது சிந்தேயின் அதிகாரிகளுக்கு உறுதியாயிற்று. அவர்கள் மின்னணுத் தொழிலை நாடினார்கள். டெக்ஸாஸின் டி.எஸ்.ஸி., ஃபுளோரிடாவின் ஸாடெக் முதலான சிறிய, நடுத்தரக் கம்பெனிகள் சில வந்தும் சேர்ந்தன.

இங்கே ஒரு சிறு கிளைக்கதையைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. ஜனாதிபதி ஆஸ்கார் ஆரியாஸ், மத்திய அமெரிக்காவின் யுத்தங்களை நிறுத்த முயன்றதற்காக 1987-இல் நோபெல் சமாதானப் பரிசு பெற்றவர்; அவருடைய காலத்தில், அதே வருஷம், ஒமார் டெங்கோ என்ற பழைய கல்விமானின் பெயரால் ஓர் அறநிலையம் ஸ்தாபிக்கப்பட்டது. அதன் காரியம், கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறைகளை அமைப்பது. உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி தர, அமெரிக்கப் பேராசிரியர் சீமோர் பேப்பர்ட்டின் யோசனைகளைத் தழுவினார்கள். குழந்தைகள் திரையிலே ஓர் ஆமைக்குக் கட்டளையிட்டு அதை நடக்கவைத்துச் சித்திரம் போடும் 'லோகோ' என்னும் பாஷையைப் பாடமாக வைத்தார்கள். தட்டச்சு கற்றுக்கொடுத்து ஆபீஸ் குமாஸ்தாக்களை உண்டாக்குவதை விட்டு, குழந்தைக்கு யோசிக்கும் விளையாட்டைக் கொடுத்த இந்தக் காரியத்தைப் பார்த்து, கடன்பட்ட ஏழை நாட்டுக்கு இது அவசியமா என்று கேட்டவர்கள் அன்று இருந்திருப்பார்கள். நம் ஊரிலும் இருந்திருப்பார்கள். பத்து வருஷத்தில் அந்த ஆமையை ஓட்டிய குழந்தைகள் வேலை தேடும் வயதை எட்டினார்கள்.

1994-இல் ஜனாதிபதியானவர் ஹோஸே மரியா ஃபிகேரெஸ். சம்மட்டி எடுத்தவருடைய மகன். தந்தை சேனையைக் கலைத்த நாட்டிலே பிறந்த மகன் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கலாசாலையில் படித்துத் தேறியவர் என்பது விதியின் வேடிக்கைகளில் ஒன்று. பின்னர் ஹார்வர்டிலும் படித்தார். தமது நாடு காப்பி விற்ற காலம் போய் அறிவை விற்கும் காலம் வர வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அவர் பதவிக்கு வந்ததும் ஆரம்பப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடம் சேர்க்கப்பட்டது. பள்ளிகளில் கம்ப்யூட்டரை மேலும் பரப்பவும் முயன்றார்.

சிந்தேயின் அதிகாரிகள் இன்டெல்லின் வாசலைப் பல தடவை தட்டினார்கள். கம்பெனியின் பட்டியலில் தங்கள் பெயர் இல்லையென்று தெரிந்தும் கடிதம் எழுதினார்கள், போய்ப் பார்த்தார்கள், மறுபடியும் எழுதினார்கள். கடைசியில், பட்டியலில் சேர்ப்பதால் நஷ்டமொன்றுமில்லை என்றோ என்னவோ, கம்பெனி சேர்த்துக்கொண்டது. 1996-இல் அதன் ஆட்கள் வந்து பார்க்கத் தொடங்கினார்கள். இந்தக் கட்டத்தில் சிந்தே நடந்துகொண்ட விதத்தில்தான் அதன் முழுச் சாமர்த்தியமும் இருக்கிறது. தமிழிலே 'கேட்டல்' என்ற ஒரே சொல் வினவுவதையும் செவிசாய்ப்பதையும் குறிக்கிறது. அந்த அதிகாரிகள் செய்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை ஸ்பானிய பாஷையில் தேடிப் பிடிப்பது கஷ்டம். அழகான கடற்கரைப் படங்களையும், வழுவழுப்பான விளம்பரப் புத்தகங்களையும் மேஜையில் பரப்பி நாட்டுப் புகழ் பாடுவதை அவர்கள் குறைத்துக்கொண்டார்கள். உங்களுக்கு எது வேண்டும், எதைக் கண்டு சந்தேகப்படுகிறீர்கள் என்று கேட்டார்கள், சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள், அந்த விஷயத்துக்கு உரிய அதிகாரியையே, பேராசிரியரையே, மின்சார இஞ்சினீயரையே கம்பெனியாரின் எதிரில் உட்காரவைத்தார்கள். ஒரு கேள்விக்கு விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லி, விடையைத் தேடி அனுப்பினார்கள். வெளிநாட்டு வர்த்தக மந்திரி எல்லா இலாகாக்களையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஏற்றார். ஜனாதிபதியோ விருந்தில் கைகுலுக்குவதோடு நில்லாமல், ஒவ்வொரு முடிச்சும் அவிழ்கிறதா என்று தாமே விசாரித்துக்கொண்டிருந்தார். பத்து இலாகாக்களின் வாசல்களில் தவம் கிடந்து பழகிய கம்பெனியாருக்கு, ஒரே மேஜையில் விடை கிடைத்தது புதுமையாக இருந்திருக்கும்.

முடிச்சுகள் பல. முதல் முடிச்சு மின்சாரம். ஈசேயின் கட்டணம் கம்பெனி எதிர்பார்த்ததைவிட உயர்ந்திருந்தது; அத்தனை பெரிய மின்பசி கொண்ட விருந்தாளியை அந்த நாடு அதுவரை கண்டதுமில்லை. பெருமளவில் மின்சாரம் வாங்கும் தொழிற்சாலைகளுக்கென்று தனிக் கட்டணம் வகுக்கப்பட்டது. தொழிற்சாலைக்கென்று ஒரு துணைமின்நிலையமும் ஒப்புக்கொள்ளப்பட்டது. இரண்டாம் முடிச்சு ஆகாயம். ஹுவான் சாந்தமாரியா விமான நிலையத்துக்கு வந்து போகும் விமானங்கள் போதா. புதிய விமானக் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுப்பதாக அரசாங்கம் வாக்களித்தது. வரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1990-ஆம் வருஷத்துச் சுதந்திர மண்டலச் சட்டம் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு எட்டு வருஷம் முழு வரிவிலக்கும், அடுத்த நாலு வருஷம் பாதி விலக்கும் ஏற்கெனவே தந்திருந்தது. இதைப்போலவே வேறு நாடுகளும் தந்தன, சில நாடுகள் இன்னும் அதிகமாகவே தர முன்வந்தன.

மூன்றாம் முடிச்சுதான் நம் தொடருக்கு உயிரானது. இஞ்சினீயர்களைப் பற்றிக் கம்பெனிக்குக் கவலை இல்லை; சர்வகலாசாலையும், கார்த்தாகோ நகரில் 1971-இல் தோன்றிய தொழில்நுட்பக் கலாசாலையும் தரமானவர்களை ஆண்டுதோறும் உருவாக்கின. பள்ளிப் படிப்பு முடித்த வாலிபர்களுக்கும் குறைவில்லை. நடுவில்தான் இடைவெளி இருந்தது. யந்திரத்தின் மொழி தெரிந்த, இரண்டு வருஷம் போலப் படித்த நடுத்தரத் தொழில்நுட்பர்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும், அவர்களோ நூற்றுக்கணக்கில்கூடத் தேறுவது கஷ்டமாயிருந்தது. வேறொரு நாடாயிருந்தால், எங்களிடம் எல்லாரும் இருக்கிறார்கள் என்று சத்தியம் பண்ணியிருக்கும். இங்கேயோ கல்வி இலாகாவும், கலாசாலைகளும், சிந்தேயும் சேர்ந்து உட்கார்ந்து, குறை உண்டு என்று ஒப்புக்கொண்டு, ஒரு வருஷச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை வகுத்தன. அடிப்படை போதாதவர்களுக்கு முன்கூட்டியே சில மாதப் பயிற்சியும் வைத்தன. தொழிற்பள்ளிகளின் பாடத்திட்டத்தைக் கம்பெனியின் ஆட்களோடு சேர்ந்து திருத்தி எழுதினார்கள். கலாசாலை தன் பாடத்தை ஒரு வியாபாரிக்காகத் திருத்தலாமா என்று உறுத்தலடைகிறவர்கள் உண்டு. எனக்கும் அந்த உறுத்தல் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்தப் பாடம் ஒரு கம்பெனியின் யந்திரத்துக்கு மட்டும் பயன்படும்படி எழுதப்படவில்லை என்பதைப் பின்னால் வந்த வருஷங்கள் காட்டின.

போட்டியாளர்கள் என்னவானார்கள் என்று வாசகர் கேட்பது நியாயம். பிரேஸில் பெரிய சந்தை, பெரிய தேசம். ஆனால் வரிகளும் செலவுகளும் அதற்கேற்ப உயர்ந்தவை, சுதந்திர மண்டலச் சலுகையும் அங்கே பொருந்தவில்லை. சிலியின் ஆட்சி நேர்மை மெச்சத்தக்கது. ஆனால் அது உலகத்தின் கோடியில் கிடந்தது, வெளியிலிருந்து வரும் முதலில் ஒரு பங்கை மத்திய வங்கியில் வட்டியின்றிக் கட்டிவைக்க வேண்டுமென்ற விதியும் அங்கே இருந்தது. மெக்ஸிகோவில் தொழிலாளர் சங்கம் என்பது அப்போது ஏறக்குறைய கட்டாயமாயிருந்தது. இன்டெல்லோ சங்கங்களை விரும்பாத கம்பெனி. இது அதற்குப் பெருமை சேர்க்கும் செய்தியன்று; ஆனாலும் வரலாற்றில் எழுதத்தான் வேண்டும். உங்களுக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்துகிறோம் என்று மெக்ஸிகோ அதிகாரிகள் சொன்னபோது கம்பெனியின் சந்தேகம் குறைவதற்குப் பதில் வளர்ந்தது: இன்று நமக்காக விதியைத் தளர்த்துகிறவர்கள் நாளைக்கு வேறொருவருக்காக அதை இறுக்கமாட்டார்கள் என்பதற்கு என்ன நிச்சயம்? கோஸ்ட்டா ரிக்காவோ வேறு வழியில் சென்றது. கம்பெனி கேட்டவற்றில் கொடுக்கக்கூடியதைக் கொடுத்தது. ஆனால் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லிச் சட்டம் இயற்றவில்லை. மின்கட்டணம் பெரிய நுகர்வோர் அனைவருக்கும். சலுகை சட்டத்தில் சொன்ன தகுதி உள்ள அனைவருக்கும். பெரிய தேசங்கள் பேரம் பேசிக்கொண்டிருந்த இடத்தில் சின்னத் தேசம் விலைச்சீட்டை ஒட்டி வைத்தது எனலாம்.

1996 நவம்பரில் முடிவு வெளியாயிற்று. தலைநகரை அடுத்த எரேதியா மாகாணத்தில், காப்பித் தோட்டங்களுக்குப் பெயர்போன மத்தியப் பள்ளத்தாக்கிலே, பெலேன் பகுதியைச் சேர்ந்த லா ரிபெரா என்ற இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அடுத்த வருஷம் கட்டடம் எழும்பிற்று. 1998-இல் பென்டியம் சில்லுகள் வெளியேறத் தொடங்கின. அந்த வருஷமே தேர்தலில் எதிர்க்கட்சி வென்று மிகேல் ஆங்கெல் ரோத்ரீகெஸ் ஜனாதிபதியானார். முன்னவர் செய்ததைப் பின்னவர் கலைக்கும் வழக்கம் அங்கும் உண்டெனினும், இந்த விஷயத்தில் கலைக்கவில்லை.

இன்டெல்லின் அதிகாரிகளே முன்பு, இவ்வளவு சின்ன நாட்டில் நாம் இறங்குவது நீச்சல்குளத்தில் திமிங்கிலத்தை விட்டதுபோல ஆகிவிடுமோ என்று அஞ்சியதாகச் சொல்வார்கள். அந்த அச்சம் வீணன்று. 1999-இல் நாட்டின் மொத்த ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே வாசலிலிருந்து போயிற்று; காப்பியும் வாழையும் பின்தங்கின. தேசிய வருமானம் துள்ளி எழுந்தது. ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து உலகத்துக் கம்ப்யூட்டர் வியாபாரம் தளர்ந்ததும், கோஸ்ட்டா ரிக்காவின் வளர்ச்சி ஒன்றிரண்டு விழுக்காட்டுக்குச் சுருங்கிற்று. திமிங்கிலம் வாலை அசைத்தால் குளத்தில் அலை. அசைக்காவிட்டால் குளம் மந்தம். மத்திய வங்கி, இந்தத் தொழிலைச் சேர்த்து ஒரு கணக்கும், அதைச் சேர்க்காமல் ஒரு கணக்குமாக இரண்டு கணக்குகளை வெளியிடும் நிலை ஏற்பட்டது. தேசத்துக்கே இரண்டு உயரங்கள், செருப்போடு ஒன்று, செருப்பில்லாமல் ஒன்று!

குறை சொன்னவர்கள் உள்ளூரில் இல்லாமலில்லை. கம்பெனி வாங்கும் மூலப்பொருள்களில் கோஸ்ட்டா ரிக்காவில் விளைந்தது சொற்பம். வில்லைகள் வானத்திலிருந்து இறங்கி, சில்லுகளாகி வானத்திலேயே ஏறிப் போயின. லாபமும் கடல் கடந்து போயிற்று. ஏற்றுமதிக் கணக்கு காட்டிய பெருக்கத்தில் எவ்வளவு ஜனங்களின் கையில் தங்கிற்று என்ற கேள்வி நியாயமானது. தங்கியது முக்கியமாகச் சம்பளம். அது நாட்டின் மற்றத் தொழிற்சாலைகளைவிட உயர்ந்திருந்தது. அத்தோடு, கணக்கில் ஏறாத ஒன்றும் தங்கிற்று. இன்டெல் தேர்ந்தெடுத்த நாடு என்பது உலக வியாபாரத்தில் ஒரு நற்சாட்சிப் பத்திரமாயிற்று. பிராக்டர் அண்ட் கேம்பிள் 1999-இல் தன் கணக்கு வேலைகளை அங்கே கொண்டுவந்தது. சில வருஷங்களில் ஹியூலெட்-பக்கார்டும் வந்தது. 1980-களிலேயே வந்துவிட்ட பாக்ஸ்டரைத் தொடர்ந்து பாஸ்டன் ஸயன்டிஃபிக் போன்ற வைத்தியக் கருவிக் கம்பெனிகள் வந்து குவிந்தன. தூசி புகாத அறையில் வெள்ளை அங்கி அணிந்து, ஒரு குறைபாட்டுக்குக் காரணம் என்ன என்று முறையாகத் தேடக் கற்ற கைகள், சில்லை விட்டு இருதய நாளத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்க்கு எளிதில் மாறின. நாட்டின் முதல் ஏற்றுமதிச் சரக்கு என்ற இடத்தைப் பின்னாளில் வைத்தியக் கருவிகளே பிடித்துக்கொண்டன.

2014 ஏப்ரல் 6-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கோஸ்ட்டா ரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்று நடந்தது. லூயிஸ் கில்லெர்மோ சோலிஸ் வென்றார். வெற்றி ஊர்வலத்துக் கொடிகள் வாடுமுன், செவ்வாய்க்கிழமையன்று இன்டெல் அறிவித்தது: லா ரிபெராவில் சில்லு பொருத்தும் வேலை நிறுத்தப்படும், அது ஆசியாவுக்குப் போகும். சுமார் 1,500 பேருக்கு வேலை போயிற்று. பதினாறு வருஷம் முன்னர் ஆசியாவைத் தவிர்த்து வந்த கம்பெனி ஆசியாவுக்கே திரும்பியது. பத்திரிகைகள் ஒப்பாரி வைத்தன. ஆட்சிக்கு வரப் போகிறவரைச் சிலரும், போகிறவரைச் சிலரும் பழித்தார்கள். கம்ப்யூட்டர்களைக் கைத்தொலைபேசிகள் விழுங்கத் தொடங்கியிருந்ததற்கு இருவரும் என்ன செய்வார்கள்! எனினும் கம்பெனி முழுக்கக் கிளம்பவில்லை. ஆயிரத்துச் சொச்சம் பேர் அங்கே தங்கினார்கள்; அவர்கள் சில்லைப் பொருத்துகிறவர்களாக இல்லாமல், இனி வரப் போகும் சில்லுகளைச் சோதிக்கும் முறைகளை வகுக்கும் இஞ்சினீயர்களாகவும், கம்பெனியின் உலகக் கணக்குவழக்குகளைப் பார்ப்பவர்களாகவும் இருந்தார்கள். ஆரம்பத்தில் யாரும் கேட்டிராத வேலைகள் அவை.

2020-ஆம் வருஷக் கடைசியில், கொள்ளைநோயினால் உலகத்துச் சரக்குப் போக்குவரத்தே கலங்கிக் கிடந்தபோது, பொருத்தும் வேலையை மறுபடி அங்கே தொடங்கப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. முதலில் 35 கோடி டாலர் என்றது. அடுத்த வருஷமே 60 கோடி என்றது. பழைய பந்தல் மறுபடி போடப்பட்டது. அது நாலைந்து வருஷம் நின்றது. 2025 ஜூலையில், தானே நட்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த இன்டெல், ஜெர்மனியிலும் போலந்திலும் கட்டவிருந்த ஆலைகளைக் கைவிட்ட அறிவிப்போடு, கோஸ்ட்டா ரிக்காவின் பொருத்தும் வேலையை வியட்நாமுக்கும் மலேசியாவுக்கும் மாற்றுவதாகச் சொல்லிற்று. அதே அறிக்கையில், இஞ்சினீயரிங்கிலும் நிர்வாகத்திலுமாக 2,000-க்கு மேற்பட்டோர் அங்கே தொடர்ந்திருப்பார்கள் என்றும் சொல்லிற்று. அந்த எண்ணிக்கை, 2014-இல் எஞ்சியிருந்தவர்களைவிட அதிகம்.

இவ்வாறு லா ரிபெராவை விட்டுப் புறப்பட்ட வேலையில் ஒரு பகுதி பினாங்குப் பக்கம் திரும்பிற்று. அந்தத் தீவை நாம் முன்னமே சுற்றிப் பார்த்துவிட்டோம். மற்றொரு பகுதி போய்ச் சேர்ந்தது ஹோ சி மின் நகரத்தின் புறத்தே, சைகோன் உயர்தொழில்நுட்பப் பூங்காவில், 2010-இல் திறக்கப்பட்ட தொழிற்சாலைக்கு. நூறு கோடி டாலர் முதலீட்டோடு அங்கே இறங்கிய கம்பெனி முதலில் தேடியது நிலத்தையா, ஆட்களையா என்பதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.